எஃப் 8 திடீரென்று செத்துப்போகிறது, மெனுவைத் திறந்து மூடினால் உயிர் வருகிறது: மெனு ஐட்டம் ஈவென்ட் பற்றி ஒரு சந்தேகம்

ஒற்றியூர் எடைமேடை எழுதியது:

வணக்கம். எண்ணூர் விரைவுச்சாலைப் பக்கம் ஒரு எடை மேடையின் மென்பொருளை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 2004 வாக்கில் யாரோ விபி டாட்நெட் என்ற நிரல் மொழியில் எழுதிக் கொடுத்தது. கணினி மாற்றியபோது மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட்நெட் 8-க்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மெனு செய்ய முன்பு பயன்பட்ட மெயின்மெனு அங்கே கிடையாது, அதனால் அதற்கு மாற்றான மெனுஸ்டிரிப்பில் மறுபடி கட்டினேன். மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது.

'எடை' என்று ஒரு மெனு. அதில் 'முதல் எடை' எஃப் 7, 'இரண்டாம் எடை' எஃப் 8, 'சீட்டு மறுபதிப்பு' எஃப் 9. லோடு வண்டி மேடையில் ஏறும், முதல் எடை. சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக வரும், இரண்டாம் எடை. கழித்தால் சரக்கின் எடை. முதல் எடை போட்ட வண்டிக்குத்தான் இரண்டாம் எடை போட முடிய வேண்டும். அதற்காக மெனு திறக்கும் நேரத்தில் வண்டி எண்ணைப் பார்த்து அந்த ஐட்டத்தை மங்கலாக்கும் நிரல் பழையதிலேயே இருந்தது. பாப்அப் ஈவென்டில் இருந்ததை அப்படியே டிராப்டவுன்ஓபனிங்கில் வைத்தேன். (இரண்டுமே மெனு திறக்கும்போது வரும் ஈவென்ட், அதாவது ஏதாவது நடந்ததும் நம் நிரலைக் கூப்பிடும் அறிவிப்பு.)

ஆபரேட்டர் மவுஸைத் தொடவே மாட்டார். வண்டி எண்ணை அடிப்பார், எஃப் 8 அழுத்துவார், சீட்டு வரும். காலையில் நன்றாகத்தான் போகும். நடுவில் திடீரென்று எஃப் 8 வேலை செய்யாது. எரர் இல்லை, சத்தம் இல்லை, ஒன்றும் இல்லை. மவுஸால் 'எடை' மெனுவை ஒரு தடவை திறந்து மூடினால் சரியாகிவிடும். வெளியே கன்டெய்னர் லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கும்போது இது பெரிய தலைவலி. யாராவது பார்த்திருக்கிறீர்களா?

---

காசிமேடு கரை எழுதியது:

முதலில் கீபோர்டைப் பாருங்கள் தம்பி. நான் ஐஸ் வியாபாரக் கணக்குக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்திருக்கும் இடங்களில் உப்புக் காற்று பட்டு மேல் வரிசை விசைகள்தான் முதலில் போகின்றன.

---

ஒற்றியூர் எடைமேடை எழுதியது:

மாற்றிப் பார்த்தாயிற்று அண்ணே. மெனுவைத் திறந்து மூடினால் சரியாகிற கீபோர்டு எங்கே விற்கிறது என்று சொன்னால் வாங்கிக்கொள்கிறேன்.

---

மின்ட் ரோடு பழைய கை எழுதியது:

காசிமேட்டு அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், இது கீபோர்டு இல்லை. உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது. "பாப்அப் ஈவென்டில் இருந்ததை அப்படியே டிராப்டவுன்ஓபனிங்கில் வைத்தேன்" என்கிறீர்களே, அங்கேதான்.

மெனுஸ்டிரிப் 2005-இல், டாட்நெட் 2.0-வோடு வந்தது. பெயர் மட்டும்தான் மெனு. விண்டோஸ் இயங்குதளம் வரைகிற உண்மையான மெனு இல்லை, டாட்நெட்டே வரைகிற டூல்ஸ்டிரிப் குடும்பத்தில் ஒன்று. அதில் ஷார்ட்கட் கீ அழுத்தினால் நடப்பது இவ்வளவுதான்: அந்த விசைக்கு உரிய ஐட்டம் எது என்று தேடும், அந்த ஐட்டத்தின் எனேபில்டு (மங்கலாகாமல் இயங்கும் நிலை) ட்ரூவாக இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் கிளிக் ஈவென்டை எழுப்பும். மெனு திறக்கப்படவே இல்லை, ஆகவே டிராப்டவுன்ஓபனிங் ஓடாது.

இப்போது உங்கள் எடை மேடையை யோசித்துப் பாருங்கள். ஆபரேட்டரோ, சீட்டு மறுபதிப்புக்காக வேறு யாரோ, ஒரு தடவை மவுஸால் மெனுவைத் திறக்கிறார். அந்த நேரம் வண்டி எண் பெட்டி காலி. உங்கள் நிரல் 'இரண்டாம் எடை'யை மங்கலாக்கிவிடுகிறது. மெனு மூடியாயிற்று, மங்கல் அப்படியே நிற்கிறது. அடுத்து வண்டி எண்ணை அடித்து எஃப் 8 அழுத்துகிறார். எனேபில்டு ஃபால்ஸ், ஆகவே மௌனம். மறுபடி மெனுவைத் திறந்தால் நிரல் ஓடி மங்கல் போகிறது, எஃப் 8-க்கு உயிர் வருகிறது.

காலையில் ஏன் ஒழுங்காகப் போகிறது என்றால், அதுவரை யாரும் மெனுவைத் திறக்கவில்லை.

---

ஒற்றியூர் எடைமேடை எழுதியது:

இப்போது சோதித்துப் பார்த்தேன், அப்படியே நடக்கிறது. வேண்டும் என்றே எண் பெட்டியைக் காலியாக வைத்து மெனுவைத் திறந்து மூடினால் ஒவ்வொரு தடவையும் எஃப் 8 படுத்துவிடுகிறது. நன்றி அண்ணே.

ஆனால் ஒன்று புரியவில்லை. பழைய நிரலிலும் இதே மாதிரிதானே இருந்தது? அதில் ஏன் இந்தத் தொல்லை வரவில்லை?

---

பெரம்பூர் லோகோ எழுதியது:

இதற்கு நான் சொல்கிறேன், பழைய ஆள்.

பழைய மெயின்மெனுவில் ஷார்ட்கட் அழுத்தினால், ஐட்டத்தின் கிளிக்கை எழுப்பும் முன் அதன் தாய் மெனுவின் பாப்அப் ஈவென்டை ஒருமுறை எழுப்பிவிடும். திரையில் மெனு திறக்காது, ஈவென்ட் மட்டும் ஓடும். உங்கள் மங்கலாக்கும் நிரல் அந்த நொடியில் ஓடி நிலையைப் புதுப்பித்துவிடும். அதற்குப் பிறகுதான் ஐட்டம் மங்கலா இல்லையா என்ற சோதனை. 2004-இல் எழுதியவர் அதை நம்பித்தான் எழுதியிருக்கிறார், அவர் எழுதியது அன்றைக்குச் சரி.

இது டாட்நெட்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. அடியில் இருக்கும் வின்32-விலேயே, அதாவது விண்டோஸின் சொந்த நிரல் இடைமுகத்திலேயே அப்படித்தான். ஆக்ஸிலரேட்டர் (ஷார்ட்கட்) விசை மெனு ஐட்டம் ஒன்றுக்கு உரியதாக இருந்தால், மெனு திறக்கப்போவது போலவே டபிள்யூஎம் இனிட்மெனு, டபிள்யூஎம் இனிட்மெனுபாப்அப் இரண்டு செய்தியையும் விண்டோவுக்கு அனுப்பும். பிறகுதான் வேலையைச் செய்யச் சொல்லும் டபிள்யூஎம் கமாண்ட். அந்தக் கமாண்ட் செய்தியிலேயே மெனுவிலிருந்து வந்ததா (0), விசையிலிருந்து வந்ததா (1) என்பது மேல்பாதியில் இருக்கும், கீழ்பாதியில் ஐட்டத்தின் எண். விண்டோஸுக்கான சி++ நூலகமான எம்எஃப்சி இன்னும் ஒரு படி மேலே போகும்: கமாண்டை ஹேண்ட்லருக்கு (அந்த வேலையைச் செய்யும் நிரல் பகுதிக்கு) கொடுக்கும் முன் அப்டேட் ஹேண்ட்லரைக் கூப்பிட்டு, இப்போது இது அனுமதிக்கப்பட்டதுதானா என்று கேட்டுக்கொள்ளும்.

மெனுஸ்டிரிப் வந்தபோது இந்தப் பழக்கம் விட்டுப்போனது. டாட்நெட் கோர் 3.1-இல் மெயின்மெனுவையும் நீக்கிவிட்டார்கள். ஆகவே பழைய பயன்பாட்டை மாற்றுகிற எல்லோரும் இந்தப் பள்ளத்தில் ஒரு கால் வைக்கத்தான் செய்வார்கள்.

---

வியாசர்பாடி கியூட்டி எழுதியது:

கியூட்டி என்ற திரை நூலகத்திலும் இதே கதைதான். கியூமெனு திறக்கும் முன் வரும் அபவுட்டுஷோ சிக்னலில் அதன் ஐட்டமான கியூஆக்‌ஷனை மங்கலாக்கினால் அதன் ஷார்ட்கட்டும் சேர்ந்து படுத்துவிடும். யாராவது மெனுவைத் திறக்கும்வரை எழுந்திருக்காது. உங்கள் மெனுஸ்டிரிப் இருக்கும் விண்டோஸ் ஃபார்ம்ஸை மட்டும் திட்ட வேண்டாம்.

தற்போதைக்கு ஒரு குறுக்கு வழி: ஃபார்மை (பயன்பாட்டு விண்டோவை) விசைகளை முதலில் பார்க்கவிடும் கீபிரிவியூவை ட்ரூ ஆக்கி, விசை அழுத்தியதும் வரும் கீடவுனில் எஃப் 8-ஐப் பிடித்து நேராக எடை போடும் சப்ரூட்டீனைக் கூப்பிடுங்கள். வேலை முடிந்தது.

---

மின்ட் ரோடு பழைய கை எழுதியது:

வேண்டாம்மா, அந்த வழி இன்னொரு குழப்பத்தில் விடும். ஷார்ட்கட் கீயையும் வைத்துக்கொண்டு கீடவுனையும் எழுதினால், ஐட்டம் எனேபில்டாக இருக்கும்போது மெனுவே விசையை விழுங்கிவிடும், கீடவுனுக்கு வராது. மங்கலாக இருக்கும்போது மட்டும் கீடவுனுக்கு வந்து விழும். அதாவது எப்போது எடை போடக் கூடாதோ சரியாக அப்போது மட்டும் உங்கள் குறுக்கு வழி ஓடும்! முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலில் டோக்கன் கொடுப்பது மாதிரி.

ஷார்ட்கட்டை எடுத்துவிட்டுக் கீடவுன் மட்டும் வைத்தாலும், மெனுவில் 'எஃப் 8' என்ற எழுத்து காணாமல் போகும். அதைக் காட்ட ஷார்ட்கட்கீடிஸ்ப்ளேஸ்டிரிங்கில் தனியாக எழுத வேண்டும். நாளைக்கு விசையை மாற்றினால் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும்.

எடைமேடை தம்பி, உங்களுக்கு எஃப் 8 வேலை செய்யாததை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை யாரும் இன்னும் சொல்லவில்லை. தலைகீழாக யோசியுங்கள். முதல் எடை போட்ட வண்டி எண் பெட்டியில் இருக்கும்போது மெனுவைத் திறந்தார்கள், ஐட்டம் எனேபில்டு. பிறகு வேறு வண்டி எண்ணை அடித்தார்கள், அதற்கு முதல் எடையே இல்லை. எஃப் 8 அழுத்தினால்? தாராளமாக ஓடும். அப்போது உங்கள் ஹேண்ட்லர் எதிலிருந்து எதைக் கழிக்கும்?

---

ஒற்றியூர் எடைமேடை எழுதியது:

பார்த்தேன். ஹேண்ட்லருக்குள் எந்தச் சோதனையும் இல்லை. முதல் எடை கிடைக்காவிட்டால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. கழித்து வரும் தப்பான எண் சரக்கு எடையாகச் சீட்டில் அச்சாகும். நல்லவேளை, இதுவரை அப்படி ஒரு சீட்டு போகவில்லை என்று நினைக்கிறேன், ரிஜிஸ்டரைப் பார்க்க வேண்டும்.

சரி, முறையாக எப்படிச் செய்வது?

---

பெரம்பூர் லோகோ எழுதியது:

கேள்வியை ஒரே இடத்தில் வையுங்கள். 'இரண்டாம்எடைபோடலாமா' என்று ஒரு ஃபங்க்‌ஷன். ஃபங்க்‌ஷன் பெயரைத் தமிழிலேயே வைத்தாலும் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். பெட்டியில் இருக்கும் வண்டி எண், நிலுவையில் இருக்கும் முதல் எடைகளின் பட்டியலில் உண்டா என்று மட்டும் அது பார்க்கட்டும், ட்ரூ அல்லது ஃபால்ஸ் திருப்பட்டும். மெனுவைப் பற்றி அதற்கு எதுவும் தெரிய வேண்டாம்.

கிளிக் ஹேண்ட்லரின் முதல் வரியில் அதைக் கூப்பிடுங்கள். இது கட்டாயம். மெனு, விசை, டூல்பார் பட்டன், நாளைக்கு வைக்கப்போகும் வலது கிளிக் மெனு என்று எந்த வழியாக வந்தாலும் கடைசியில் இந்த வரியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மங்கலாக்குவது அதற்கு அப்புறம்தான். அதை மெனு திறக்கும் நேரத்தில் செய்யாமல், நிலை மாறும் நேரத்தில் செய்யுங்கள். வண்டி எண் பெட்டியின் டெக்ஸ்ட்சேஞ்ட் (எழுத்து மாறும்போது வரும் ஈவென்ட்), ஒரு எடை போட்டு முடித்த இடம், இந்த இரண்டிலும் அதே ஃபங்க்‌ஷனைக் கேட்டு எனேபில்டை வையுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் டேட்டாபேஸுக்கு ஓடாதீர்கள். நிலுவை வண்டிகள் எத்தனை இருந்துவிடப்போகிறது, நினைவகத்தில் வேகமாகத் தேடக்கூடிய ஒரு ஹேஷ்செட் பட்டியல் போதும். 'டிஎன் 18' வரை அடித்தால் ஃபால்ஸ், முழு எண்ணும் வந்ததும் ட்ரூ.

எம்எஃப்சி பழக்கம் உள்ளவர்கள் பயன்பாடு சும்மா இருக்கும்போது வரும் அப்ளிகேஷன்.ஐடில் ஈவென்டில் எல்லா ஐட்டத்தையும் புதுப்பிப்பார்கள். பெரிய பயன்பாட்டுக்கு அது வசதி. உங்களுக்குத் தேவையில்லை. டாட்நெட் 8 என்பதால் ஐட்டத்தின் கமாண்ட் பிராப்பர்ட்டியில் ஐகமாண்ட் (ஒரு வேலையையும், அதை இப்போது செய்யலாமா என்ற கேன்எக்ஸிக்யூட் சோதனையையும் சேர்த்து வைப்பது) ஒன்றைக் கட்டலாம், மைக்ரோசாஃப்டின் இன்னொரு திரை நூலகமான டபிள்யூபிஎஃப்-இல் செய்கிற மாதிரி. கேன்எக்ஸிக்யூட் மாறினால் எனேபில்டு தானாக மாறும். ஆனால் மூன்று ஐட்டம் உள்ள மெனுவுக்கு அந்தக் கட்டுமானம் அதிகம்.

---

மின்ட் ரோடு பழைய கை எழுதியது:

லோகோ சார் சொன்னதில் ஹேண்ட்லர் சோதனைக்கு முழு ஓட்டு. மங்கலாக்குவதில் மட்டும் எனக்கு வேறு கருத்து.

சௌகார்பேட்டை, மண்ணடி மொத்தக் கடைகளுக்கு விபி 6 காலத்திலிருந்து பில்லிங் எழுதுகிறேன். அந்தக் கல்லாவில் உட்காருகிறவர்கள் மெனுவைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. மங்கலாக இருப்பது மெனுவைத் திறந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். விசையால் வேலை செய்கிறவனுக்கு மங்கலான ஐட்டம் என்பது செத்த விசை, அவ்வளவுதான். ஏன் என்று தெரியாது, இன்னும் நாலு தடவை அழுத்துவான், அப்புறம் உங்களுக்கு ஃபோன் வரும்.

அதனால் ஆபரேட்டர் நாள் முழுக்க விசையால் இயக்குகிற ஐட்டத்தை நான் மங்கலாக்குவதே இல்லை. எப்போதும் எனேபில்டு. ஹேண்ட்லரின் முதல் வரியில் சோதனை தோற்றால் கீழே ஸ்டேட்டஸ் பாரில் சிவப்பில் ஒரு வரி: 'இந்த வண்டிக்கு முதல் எடை இல்லை'. மெசேஜ்பாக்ஸ் வேண்டாம், அதை மூட இன்னொரு விசை அழுத்த வேண்டும், வேகமாக அடிக்கிறவர் அதைப் படிக்காமலே என்டர் தட்டிவிடுவார்.

---

வியாசர்பாடி கியூட்டி எழுதியது:

மவுஸ்காரர்களுக்கு இது எரிச்சல் தருமே அண்ணே. கிளிக் செய்த பிறகுதானா முடியாது என்று சொல்வது? முன்னாடியே மங்கலாகக் காட்டினால் ஒரு கிளிக் மிச்சம்.

---

மின்ட் ரோடு பழைய கை எழுதியது:

மவுஸ்காரர்கள் பயன்படுத்தும் ஐட்டங்களை மங்கலாக்குங்கள், யார் வேண்டாம் என்றார்கள். இரண்டு வகை ஆளும் ஒரே திரையில் இருந்தால், டிராப்டவுன்ஓபனிங்கில் மங்கலாக்கி, டிராப்டவுன்க்ளோஸ்டில் திரும்ப எல்லாவற்றையும் எனேபில்டு ஆக்கிவிடலாம். மெனு திறந்திருக்கும் நேரம் மட்டும் மங்கல். விசை எப்போதும் ஹேண்ட்லர் வரை வரும், ஹேண்ட்லர் பதில் சொல்லும். பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும்.

---

வண்ணை மாணவி எழுதியது:

அண்ணா, அக்கா, குறுக்கே வருகிறேன். கல்லூரி புராஜெக்டுக்காகப் பைத்தான் மொழியின் திரை நூலகமான டிகேஇன்டரில் சின்ன எடிட்டர் செய்கிறேன். 'சமீபத்திய கோப்புகள்' மெனுவை ஃபார் லூப்பில் கட்டினேன். எதைக் கிளிக் செய்தாலும் கடைசிக் கோப்புதான் திறக்கிறது. இன்னொன்று, ஐட்டத்தில் ஆக்ஸிலரேட்டர் என்று கன்ட்ரோல்+ஓ கொடுத்தேன், மெனுவில் அழகாகத் தெரிகிறது, அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை. இதுவும் எடைமேடை அண்ணாவின் பிரச்சினைதானா?

---

வியாசர்பாடி கியூட்டி எழுதியது:

இல்லை தங்கச்சி, இரண்டும் வேறு.

லூப்பில் லாம்டா (பெயரில்லாத சின்ன நிரல் துண்டு) எழுதியிருப்பாய். லாம்டா அந்த நேரத்து மதிப்பைப் பிடித்து வைப்பதில்லை, மாறியைத்தான் பிடித்து வைக்கிறது. கிளிக் செய்யும்போது லூப் எப்போதோ முடிந்து மாறியில் கடைசிக் கோப்பு உட்கார்ந்திருக்கும். லாம்டாவின் அடைப்புக்குறிக்குள் 'கோப்பு=கோப்பு' என்று டீஃபால்ட் மதிப்பாகக் கொடு, அந்தந்தச் சுற்றின் மதிப்பு ஒட்டிக்கொள்ளும். சி ஷார்ப்பில் ஃபார்ஈச்சுக்கு இந்தத் தொல்லையை 2012-இல், 5-ஆம் பதிப்பில் தீர்த்துவிட்டார்கள். சாதாரண ஃபார் லூப்பில் இன்றைக்கும் உண்டு.

ஆக்ஸிலரேட்டர் டிகேஇன்டரில் வெறும் எழுத்து. விசையோடு கட்டுவதற்கு விண்டோவில் பைண்ட் தனியாகச் செய்ய வேண்டும். அப்போது கவனம்: மெனுவின் கமாண்ட் உன் ஃபங்க்‌ஷனை எதுவும் தராமல் கூப்பிடும், பைண்ட் ஒரு ஈவென்ட் ஆப்ஜெக்டைக் கொடுத்துக் கூப்பிடும். அதனால் 'ஈவென்ட்=நன்' என்று வைத்தால் ஒரே ஃபங்க்‌ஷன் இரண்டுக்கும் போதும்.

டபிள்யூபிஎஃப்-இல் இன்புட்ஜெஸ்சர்டெக்ஸ்ட் என்பதும் இதே மாதிரி வெறும் எழுத்துதான்.

---

காசிமேடு கரை எழுதியது:

கீபோர்டைக் குறை சொன்னதற்குத் தண்டனையாக என் பிரச்சினையையும் சொல்கிறேன். ஐஸ் கணக்கில் எத்தனை பார் (ஐஸ் கட்டி) என்று அடித்துவிட்டு மெனுவில் 'சேமி' கிளிக் செய்கிறார்கள். கடைசியாக அடித்த எண் மட்டும் சேமிக்கப்படுவதில்லை, பழைய எண் நிற்கிறது. டேப் அடித்துவிட்டுச் சேமித்தால் சரியாக இருக்கிறது. விண்டோஸ் ஃபார்ம்ஸ், பெட்டியைத் தரவோடு தானாக இணைக்கும் டேட்டா பைண்டிங்.

---

பெரம்பூர் லோகோ எழுதியது:

மெனுஸ்டிரிப்பைக் கிளிக் செய்தால் ஃபோகஸ் பெட்டியை விட்டு நகராது. சாதாரண பட்டன் ஃபோகஸைப் பிடுங்கும், அப்போது பெட்டியில் அடித்ததைச் சரிபார்க்கும் வேலிடேட்டிங் ஓடும், பைண்டிங் மதிப்பை எடுத்துக்கொள்ளும். மெனுவிலும் டூல்ஸ்டிரிப் பட்டனிலும் அது நடக்காது. சேமிக்கும் ஹேண்ட்லரின் தொடக்கத்தில் ஃபார்மின் வேலிடேட்டைக் கூப்பிட்டு, ட்ரூ வந்தால் மாற்றத்தை உறுதியாக்கும் பைண்டிங்சோர்ஸின் எண்ட்எடிட், பிறகு சேமிப்பு. டேட்டா சோர்ஸஸ் பலகத்திலிருந்து ஒரு அட்டவணையை இழுத்து வைத்தால் விஷுவல் ஸ்டுடியோ தானே எழுதித் தரும் சேமிப்பு நிரலில் இந்த வேலிடேட் வரி இருக்கும். தேவையில்லை என்று நினைத்து அழித்துவிடுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று, 'அழி' ஐட்டத்துக்கு டெலிட் விசையை ஷார்ட்கட்டாக வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். பெட்டிக்குள் ஒரு எழுத்தை அழிக்க டெலிட் அழுத்தினாலும் மெனுதான் அதைப் பிடிக்கும். கன்ட்ரோல்+டெலிட் வையுங்கள்.

---

ஒற்றியூர் எடைமேடை எழுதியது:

மின்ட் அண்ணன் வழியில் போனேன். எஃப் 8-ஐ மங்கலாக்குவதை எடுத்துவிட்டேன், ஹேண்ட்லரில் சோதனை, ஸ்டேட்டஸ் பாரில் வரி. ஆபரேட்டருக்குப் பிடித்துவிட்டது, "இப்பதான் இது பேசுது" என்றார். ரிஜிஸ்டரையும் பார்த்துவிட்டேன், தப்பான சீட்டு எதுவும் போகவில்லை.

கூடவே இன்னொன்று கண்ணில் பட்டது. எஃப் 8 அழுத்தியதும் எடை காட்டும் கருவியிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எண் வர வேண்டும். வண்டி ஆடி அடங்கும்வரை ஹேண்ட்லர் காத்திருக்கிறது, திரை உறைந்து நிற்கிறது. அவர் பொறுமை இல்லாமல் மறுபடி மறுபடி எஃப் 8 தட்டுகிறார். பிறகு ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று சீட்டு அச்சாகிறது.

---

மின்ட் ரோடு பழைய கை எழுதியது:

திரை உறைந்திருந்தாலும் விசைகள் தொலைவதில்லை தம்பி, வரிசையில் காத்திருக்கும். ஹேண்ட்லர் முடிந்ததும் ஒவ்வொன்றாக வந்து கிளிக்கை எழுப்பும். முதல் கிளிக் முடிந்ததும் அந்த வண்டியை நிலுவைப் பட்டியலிலிருந்து நீக்குகிறீர்களா? நீக்கியிருந்தால் இரண்டாவது கிளிக் உங்கள் புதுச் சோதனையிலேயே நின்றிருக்கும். சீட்டு அச்சான பிறகு நீக்காமல், எடை கிடைத்தவுடன் நீக்குங்கள்.

ஹேண்ட்லரை, திரையைப் பிடித்து வைக்காமல் காத்திருக்கும் அசிங்க் சப் ஆக்கி, காத்திருக்கும் இடத்தில் அவெயிட் போடுங்கள், திரை உறையாது. ஆனால் உறையாத திரை என்றால் எஃப் 8 உடனடியாகவே இரண்டாவது தடவை உள்ளே வரும். 'எடைஓடுகிறது' என்று ஒரு பூலியன் (ட்ரூ/ஃபால்ஸ் மாறி) வைத்து, ஏற்கனவே ட்ரூ என்றால் உடனே திரும்பிவிடட்டும்; இல்லையென்றால் தொடக்கத்தில் ட்ரூ, எது நடந்தாலும் கடைசியில் ஓடும் ஃபைனலியில் ஃபால்ஸ். ஃபைனலி இல்லாமல் எழுதினால், போர்ட் கேபிள் கழன்று எக்ஸெப்ஷன் (பிழை) வரும் அன்றைக்கு ட்ரூவிலேயே நின்றுவிடும், மறுபடி செத்த எஃப் 8. அந்தப் பிழையைப் பிடிக்கும் கேட்ச் ஒன்றும் வேண்டும், அசிங்க் சப்பிலிருந்து தப்பிப்போகும் எக்ஸெப்ஷனைக் கூப்பிட்டவர் யாரும் பிடிக்க முடியாது.

---

ஒற்றியூர் எடைமேடை எழுதியது:

செய்துவிட்டேன், இப்போது எத்தனை தடவை தட்டினாலும் ஒரே சீட்டு. கடைசியாக ஒன்று. முதலாளி 'வண்டி ரத்து' என்று புது ஐட்டம் கேட்கிறார், எஃப் 10 காலியாகத்தான் இருக்கிறது, கொடுத்துவிடட்டுமா?

---

பெரம்பூர் லோகோ எழுதியது:

வேண்டாம். விண்டோஸில் எஃப் 10 மெனு பாருக்குப் போகும் விசை, கீபோர்டிலேயே மெனுவைத் திறக்கிறவர்கள் அதை நம்பியிருப்பார்கள். அதுவும் ரத்து செய்வதை எஃப் 9-க்குப் பக்கத்திலேயே வைத்தால் ஒருநாள் மறுபதிப்புக்குப் பதில் ரத்து ஆகும். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர் கொடுங்கள், 'டிஎன்...ஐ ரத்து செய்யவா?' என்று வண்டி எண்ணோடு கேட்கட்டும். இந்த ஒரு இடத்தில் மெசேஜ்பாக்ஸ் போடலாம், இல்லை என்பதை டீஃபால்ட் பட்டனாக வைத்து.